பெட் ஸ்கேனில் ஒளிர்ந்தது காசநோய்: உங்கள் வீட்டு அனுபவத்தையும் சொல்லுங்கள்

குலசேகரம் மகள்:

அம்மா அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், பல வருஷம் வேலை பார்த்தவர். இருமல் விடவில்லை, உடம்பும் மெலிந்துகொண்டே வந்தது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் கட்டி மாதிரி ஒன்று தெரிந்தது. சளியில் கிருமி எதுவும் அகப்படவில்லை. புற்றுநோயா என்று பார்க்க பெட் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள். கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி, உடம்பில் அது அதிகம் சேரும் இடம் ஒளிர்வதைப் படமெடுப்பது அது. திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப் போனோம்.

வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். முதலில் ரத்தச் சர்க்கரை பார்த்தார்கள், அப்புறம் நரம்பில் ஊசி போட்டு ஒரு தனி அறையில் படுக்க வைத்தார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் அசையவோ அதிகம் பேசவோ கூடாது. தசை வேலை செய்தால் மருந்தை அதுவே இழுத்துக்கொள்ளுமாம். ஸ்கேன் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

படத்தில் அந்த இடம் பளிச்சென்று இருந்தது. நெஞ்சின் நடுவில் இருக்கும் நெறிக்கட்டிகளும் ஒளிர்ந்தன. ரிப்போர்ட்டில், அந்த இடம் மருந்தை எவ்வளவு இழுத்தது என்று காட்டும் எஸ்.யு.வி. எண் கூடுதல். மாமா அதைப் பார்த்துவிட்டு, கேன்சர்தான் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுவிட்டார். வீடு சாவு வீடு போல ஆகிவிட்டது.

நுரையீரல் டாக்டர் மட்டும் அசையவில்லை. "நம்ம நாட்டில் இந்த வெளிச்சத்தை வைத்துப் புற்றுநோய் என்று முடிவு கட்ட முடியாது, காசநோயும் இப்படித்தான் எரியும்" என்றார். மூச்சுக்குழாய் வழியாகக் குழாய் விட்டு நீரும் சதையும் எடுத்தார்கள். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இருப்பது உறுதியானது, ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்கு அந்தக் கிருமி கட்டுப்படும் என்பதும் அதிலேயே தெரிந்தது. சதையில் புற்றுநோய் அணு இல்லை. அந்த டாக்டரை எங்கள் வீட்டில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மார்த்தாண்டம் டெக்னீஷியன்:

அக்கா, நான் பெட் ஸ்கேன் எடுக்கும் அணு மருத்துவப் பிரிவில்தான் வேலை செய்கிறேன். அந்த ஊசியில் இருப்பது எஃப்.டி.ஜி. என்ற சர்க்கரை. அதில் கதிரியக்க ஃப்ளோரின்-18 ஒட்டியிருக்கும். 110 நிமிடத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகும், அதனால்தான் எல்லாம் மணிக் கணக்குப்படி நடக்கிறது. புற்றுநோய் அணு சர்க்கரையை அள்ளித் தின்னும். காசநோயை எதிர்த்து நிற்கும் நம் வெள்ளை அணுக்களும் அப்படியே தின்னும். அதாவது ஒளிர்வது கிருமி இல்லை, கிருமியைச் சுற்றி நடக்கும் சண்டை.

கிருமியையே காட்டும் மருந்துக்கும் ஆராய்ச்சி நடக்கிறது. ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையைக் காசநோய்க் கிருமி பயன்படுத்தும், நம் உடம்பு அதைத் தயாரிப்பதில்லை. அதோடு ஃப்ளோரின்-18 சேர்த்து எஃப்.டி.டி. என்று ஒன்றைச் செய்திருக்கிறார்கள். அது எங்களைப் போன்ற ஊர் ஸ்கேன் அறைகளுக்கு எப்போது வரும் என்றுதான் காத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்கிறேன்: காசநோய் என்று சந்தேகம் வந்ததுமே யாரும் பெட் ஸ்கேனுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும்தான் முதலில், அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

குளச்சல் மீன்காரர்:

எனக்கு நடந்தது வேறு மாதிரி. ஆறு மாத மாத்திரையும் விடாமல் முடித்தேன், எடையும் ஏறியது, சளியில் கிருமி இல்லை. வேறொரு காரணத்துக்காகப் பெட் ஸ்கேன் எடுத்தபோது பழைய இடம் இன்னும் லேசாக ஒளிர்ந்தது. மருந்து வேலை செய்யவில்லையோ என்று ராத்திரி தூக்கமே இல்லை. தென்னாப்பிரிக்காவில் நோயாளிகளை வைத்துச் செய்த ஒரு ஆய்வு 2016-ல் வந்ததாம், குணமான பலருக்கும் சிகிச்சை முடிவில் படத்தில் வெளிச்சம் மிச்சமிருந்ததாம். அதைச் சொல்லித்தான் டாக்டர் தைரியம் கொடுத்தார். மறுபடி மருந்து தரவில்லை, சளியை மட்டும் இடைவெளி விட்டுப் பார்த்தார்கள். இப்போது கடலுக்குப் போகிறேன்.

ஊரில் இந்த நோயைச் சொல்லவே கூசுகிறார்கள், அதுதான் எனக்கு ஆத்திரம். கேன்சர் என்றால் பார்க்க வருகிறார்கள், டி.பி. என்றால் டம்ளரைத் தனியாக வைக்கிறார்கள். டம்ளரால் இது பரவாது, காற்றில் பரவும்.

குலசேகரம் மகள்:

அண்ணே, அம்மாவுக்கும் மாத்திரை முடியப் போகிறது, கடைசியில் இன்னொரு ஸ்கேன் எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்னதைக் கேட்டபிறகு டாக்டர் கேட்டால் மட்டும் எடுப்போம். சாப்பாட்டுக்கென்று அரசு மாதம் 1000 ரூபாய் தருகிறது, 2024 நவம்பருக்கு முன் 500-தான். அதில் முட்டையும் மீனும் வாங்கிக் கொடுக்கிறோம். வீட்டில் எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள், தம்பி மகனுக்குத் தடுப்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைக்கு அதைக் கொடுத்த அனுபவம் யாருக்காவது இருந்தால் எழுதுங்கள், அவன் துப்பித் துப்பி விடுகிறான்.