பிரையாரிட்டி டேக் மாட்டினா பெட்டி சீக்கிரம் வருமா? (சென்னை – கே.எல்.)

லாடாங்மணி, சுங்கை சிப்புட்:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசம் அஞ்சு பேர் சென்னைக்குப் போறோம், கல்யாணச் சாமான் வாங்க. திரும்பும்போது எட்டு உருப்படி இருக்கும். ஆறு பெட்டி, ரெண்டு அட்டைப்பெட்டி. அட்டைப்பெட்டி ஒன்னுல மூணடி குத்துவிளக்கு. கேஎல்ஐஏ-ல இறங்கி ஈப்போ அமான் ஜெயா பஸ்ஸைப் பிடிக்கணும், அங்கேருந்து காடியில வீட்டுக்கு.

கூடக் காசு கட்டினா ஏர்லைன்ஸே பிரையாரிட்டி டேக் போடும்னு ஏஜெண்டு சொல்றார். ஷாப்பி ஆன்லைன் கடையில அதே எழுத்து போட்ட சிவப்பு டேக் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்குது. அதை வாங்கி மாட்டினா போதாதா? இல்ல, ஏஜெண்டு சொல்ற மாதிரி காசு கட்டணுமா? எவ்வளவு நேரம் மிச்சமாகும்?

சிப்பாங்காரன்:

ஷாப்பி டேக் வெறும் பொம்மை அண்ணே. பெரிய ஏர்போர்ட்டுல பெட்டியைப் பிரிக்கிறது மனுஷன் இல்ல, மிஷின். அதுக்கு டேக்கோட கலரெல்லாம் தெரியாது.

கவுண்டர்ல கைப்பிடியில சுத்தி ஒட்டுவாங்களே ஒரு நீளப் பட்டை, அதுல பார்கோடுக்குக் கீழே பத்து இலக்கம் இருக்கும். முதல் இலக்கம் 0-ன்னா சாதாரணப் பெட்டி. 2-ன்னா விட்டுப்போய், ஆள் இல்லாம பின்னாடி வர்ற பெட்டி. அடுத்த மூணும் ஏர்லைன்ஸ் நம்பர்: மலேசியா ஏர்லைன்ஸ் 232, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 618, ஏர் இந்தியா 098. கடைசி ஆறு உங்க பெட்டியோட சொந்த நம்பர். பட்டை அச்சாகும்போதே பேர், ஃபிளைட், வகுப்பு எல்லாம் ஒரு தகவலா பெட்டி பிரிக்கிற சிஸ்டத்துக்குப் போயிடும். பிரையாரிட்டிங்கிறது அந்தத் தகவலுக்குள்ளதான் இருக்கு. தொங்குற கலர் அட்டை, கடைசியில பெட்டியைத் தூக்கி அடுக்குற ஆளுக்கு ஒரு அடையாளம், அவ்வளவுதான். மிஷின் இல்லாம கண்ணால பார்த்துப் பிரிக்கிற சின்ன ஏர்போர்ட்டுல அட்டைக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. அங்கேயும் ஏர்லைன்ஸ் போட்டதா கடையில வாங்கினதான்னு பார்த்தவுடனே தெரிஞ்சிடும்.

இனி காசு கட்டினா என்ன நடக்குதுன்னு பார்ப்போம். ஏ330 மாதிரி பெரிய விமானத்துல பெட்டி கன்டெய்னர்ல போகுது. ஏ.கே.இ.ன்னு சொல்ற அலுமினியக் கூண்டு, கூண்டோட எடையும் சேர்த்து 1,588 கிலோ வரைக்கும் தாங்கும், முப்பது சொச்சம் பெட்டி பிடிக்கும். பிசினஸ் கிளாஸ், கோல்டு மெம்பர், காசு கட்டினவங்க பெட்டியெல்லாம் தனிக்கூண்டுல போட்டு, முதல்ல இறங்குற இடத்துல வைப்பாங்க. பிரையாரிட்டி பெட்டி ஆறேழுதான் இருக்குன்னா அதுக்காக ஒரு கூண்டை ஒதுக்க மாட்டாங்க, மத்த பெட்டியோட கலந்து வாய்ப்பக்கம் அடுக்குவாங்க.

போயிங் 737 மாதிரி சின்ன விமானத்துல கூண்டே கிடையாது. வயித்துப்பகுதியில ஆள் நிமிர்ந்து நிக்க முடியாது. முட்டி போட்டுக்கிட்டுக் கையாலதான் அடுக்கணும். பிரையாரிட்டி பெட்டியைக் கடைசியா, கதவோரமா வைப்பாங்க. இறக்கும்போது அதுதான் முதல்ல கைக்கு வரும். ஆனா முன்கதவு, பின்கதவுன்னு ரெண்டு அறை இருக்கு. எடைச் சமநிலை பார்த்து உங்க பெட்டி பின்னறைக்குப் போய், இறக்குற கோஷ்டி முன்னறையை முதல்ல திறந்தா, கதவோரமா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

அதையும் தாண்டி வந்தாச்சுன்னு வைங்க. விமானத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவுல இழுவை வண்டி இருக்கு. முதல் கூண்டு ஏறினதும் டிரைவர் கிளம்பினா டேக் வேலை செஞ்சுது. ரெண்டாவது, மூணாவது கூண்டையும் கோத்துக்கிட்டுப் போகலாம்னு நின்னார்னா எல்லாப் பெட்டியும் ஒன்னாத்தான் போய்ச் சேரும். கட்டின காசு கரையுறது பெரும்பாலும் இங்கதான்.

எல்லாம் சரியா நடந்தாலும் என் கணக்குக்குப் பத்து நிமிஷம், மிஞ்சிப்போனா கால் மணி நேரம்.

அமுதா, சாலாக் திங்கி:

சிப்பாங்காரன் அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஆனா மணி அண்ணனுக்கு அந்தக் கால் மணி நேரம்கூடக் கிடைக்காது. காரணம், எட்டு உருப்படி. எட்டாவது எப்போ வருதோ அப்பதான் நீங்க ஹாலை விட்டுக் கிளம்ப முடியும். ரெண்டு பெட்டிக்கு டேக் வாங்கி, அது முதல்ல வந்து டிராலியில உட்கார்ந்துக்கிட்டு மத்த ஆறுக்காகக் காத்திருக்கும்.

நீங்க பெல்ட்டுக்குப் போய்ச் சேர்ற நேரத்தையும் சேர்த்துக்குங்க. கேஎல்ஐஏ முதல் டெர்மினல்ல, தள்ளி இருக்கிற சேட்டிலைட் கட்டடத்துல இறங்கினா ஏரோட்ரெயின்கிற குட்டி ரயில் ஏறி மெயின் கட்டடத்துக்கு வரணும். ரெண்டு வருஷத்துக்கு மேல நின்னு கிடந்த ரயில் 2025 ஜூலை 1-லேருந்து மறுபடி ஓடுது. அப்புறம் இமிகிரேஷன். நம்ம பாஸ்போர்ட்டுக்கு ஆட்டோகேட் இருக்கிறதால அங்க அதிகம் நிக்க வேண்டியதில்ல. ரெண்டாவது டெர்மினல்ல ரயில் இல்ல, நடைதான், வயசானவங்க இருந்தா மெதுவாத்தான் வர முடியும். நடுவுல டாய்லெட் ஒரு தடவை. இவ்வளவும் முடிச்சு வந்தா பிரையாரிட்டி பெட்டி ஏற்கனவே பெல்ட்டுல ரெண்டு சுத்து சுத்தியிருக்கும்.

நேரம் போறது அட்டைப்பெட்டியில. நம்ம ஆளுங்க ராஃபியாங்கிற பிளாஸ்டிக் கயிறை நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, மேல தூக்குறதுக்கு ஒரு வளையமும் போடுவாங்க. அந்த வளையம் கன்வேயர் மூட்டுல மாட்டிக்கும். அதனாலேயே கயிறு கட்டின பெட்டியை நிறைய கவுண்டர்ல பெரிய சாமான் வழிக்குத் தள்ளிடுவாங்க. அது மிஷின் வழி இல்ல, ஆள் கையால கொண்டு போறது. இறங்குற ஊர்லயும் பெல்ட்டுல வராது, ஓரத்துல இருக்கிற தனிக்கதவு வழியா வரும். பெல்ட்டையே பார்த்துக்கிட்டு நின்னா தெரியவே தெரியாது. கயிறு வேணாம். அகலமான பிரவுன் டேப்பை அடிப்பக்கம் மூணு வரி, மேல மூணு வரி, விளிம்பு எல்லாம் ஒரு சுத்து போடுங்க.

குத்துவிளக்கை முழுசா வைக்காதீங்க. பாதம், தண்டு, அகல், முகடு எல்லாம் மரைதான், கழட்டிடலாம். கெட்டிப் பித்தளையை எக்ஸ்ரே ஊடுருவாது, திரையில ஒரே கறுப்பாத் தெரியும், பெட்டியைத் தனியா எடுத்து வச்சுடுவாங்க. துண்டுல சுத்தி மேலாக வைங்க. திறந்து பார்த்தா சட்டுன்னு முடிஞ்சிடும். சேலைக்கு அடியில புதைச்சா அத்தனையும் வெளியே வரும். ஒரு உருப்படி 32 கிலோவைத் தாண்டக் கூடாது, தாண்டினா எந்த டேக் இருந்தாலும் ஏத்த மாட்டாங்க.

இன்னொன்னு, பவர் பேங்க். செக்-இன் பெட்டிக்குள்ள அது கிடந்தா ஸ்கேன்ல மாட்டிக்கும். சென்னையில உங்களைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்லுவாங்க. கூப்பிட்டது காதுல விழலைன்னா பெட்டி அந்த ஃபிளைட்டுல ஏறாது. கிளம்புற அன்னைக்கு அஞ்சு பேர் பையையும் ஒருதரம் துழாவிடுங்க.

தைப்பிங்கார்:

ஃபிராஜைல் ஸ்டிக்கர் கேட்டு வாங்கி ஒட்டுங்க. உடையுற சாமானை மேலதான் அடுக்குவாங்க, அதனால முதல்ல இறங்கும்.

சிப்பாங்காரன்:

தைப்பிங் அண்ணே, அது வாட்ஸ்அப் வைத்தியம். மத்த பெட்டி போற அதே சரிவுலதான் அதுவும் விழுகுது. மேல வைக்கணும்னு நினைக்கிற ஆள் வச்சா உண்டு. இதுல ஒரு ஆபத்தும் இருக்கு. கவுண்டர்ல ஒரு வரியில கையெழுத்து கேட்டாங்கன்னா, உடைஞ்சா ஏர்லைன்ஸ் பொறுப்பில்லன்னு எழுதிக் கொடுக்கிறீங்கன்னு அர்த்தம். படிச்சுப் பார்த்துப் போடுங்க.

கடைசியா செக்-இன் பண்ணா முதல்ல வரும்னு சொல்றவங்களும் உண்டு. வெளியூர் ஃபிளைட்டுக்குப் பல ஏர்லைன்ஸ் ஒரு மணி நேரம் முன்னாடியே கவுண்டரை மூடிடும். கடைசி நேரத்துப் பெட்டிதான் எக்ஸ்ரேயில நின்னு ஃபிளைட்டைத் தவற விடுறது. எட்டு உருப்படியை வச்சுக்கிட்டு அந்த விளையாட்டு வேணாம் லா.

பைசா செலவில்லாம செய்யக்கூடியது ஒன்னு இருக்கு. போன தடவை ஒட்டின பழைய பட்டை, பெட்டி முதுகுல ஒட்டியிருக்கிற நகம் அளவு பார்கோடு ஸ்டிக்கர், எல்லாத்தையும் சுரண்டி எடுங்க. ஸ்கேனர் ரெண்டு நம்பரைப் படிச்சா குழம்பி, பெட்டியை ஆள் கையால நம்பர் அடிக்கிற இடத்துக்கு அனுப்பிடும். பிளாஸ்டிக் சுத்துறதா இருந்தா கவுண்டருக்கு முன்னாடியே சுத்துங்க, கைப்பிடி மட்டும் வெளியே தெரியணும். பட்டைக்கு மேல பளபளன்னு பிளாஸ்டிக் இருந்தா படிக்காது.

லாடாங்மணி:

ரொம்ப நன்றி. டேக் வாங்கப் போறதில்ல. கொழும்பு வழியா மாறி வந்தா டிக்கெட் குறையுது, பெட்டிக்கு ஏதும் பிரச்சினையா? இன்னொன்னு, போற வழியில சென்னையில எப்படி?

அமுதா, சாலாக் திங்கி:

மாறி வர்றதா இருந்தா எல்லாம் ஒரே டிக்கெட்டா இருக்கணும். தனித்தனி டிக்கெட்னா கொழும்புல நீங்களே எடுத்து மறுபடி போடணும். ஒரே டிக்கெட்டுலயும் இடைவேளை குறைவா இருக்கிறது நல்லதில்ல. நீங்க ஓடிப் போய் ஏறிடுவீங்க, எட்டுப் பெட்டியும் ஓடாது. சென்னையிலேயே பட்டையில கடைசி ஊர் கே.யு.எல்.னு (கே.எல். ஏர்போர்ட்டோட குறி) அச்சாகியிருக்கான்னு எட்டையும் எண்ணிப் பாருங்க. கையில கொடுக்கிற எட்டுத் துண்டுச் சீட்டையும் ஒரே ஆள் வச்சுக்கணும், ஃபோன்ல படமும் எடுத்துக்குங்க.

சென்னையில இறங்கும்போது பெட்டி பெல்ட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே சுங்கத்துறை எக்ஸ்ரே உண்டு. சந்தேகம் வந்தா சாக்பீஸ்ல குறி போட்டு அனுப்புவாங்க. அந்தக் குறி விழுந்துட்டா பிரையாரிட்டி செல்லாது. இந்திய விமான நிறுவனங்களுக்கு 2024-ல அங்கத்த அரசு கெடு வச்சிருக்கு, எஞ்சின் நிறுத்தின பத்து நிமிஷத்துல முதல் பெட்டி, அரை மணிக்குள்ள கடைசிப் பெட்டி.

திரும்பும்போது மாம்பழம், கறிவேப்பிலை, மல்லிகைச் செடி எதுவும் பெர்மிட் இல்லாம வேணாம். பெல்ட்டைத் தாண்டின பிறகு செடி, பழம் சோதிக்கிற அதிகாரிங்க பிடிச்சா அங்கேயே முக்கால் மணி நேரம் போயிடும். பஸ்ஸுக்கு, ஃபிளைட் இறங்குற நேரத்துலேருந்து ரெண்டு மணி நேரம் தள்ளி டிக்கெட் எடுங்க. என்னைக் கேட்டா அஞ்சு பஸ் டிக்கெட் காசோட டேக் காசையும் சேர்த்து சுங்கை சிப்புட்லேருந்தே ஒரு வேன் பேசிடலாம். எட்டு உருப்படியை பஸ் வயித்துல ஏத்தி, ஈப்போவுல இறக்கி, மறுபடி காடியில ஏத்துற வேலை மிச்சம்.

சிப்பாங்காரன்:

ஒன்னு குறைஞ்சா ஹாலை விட்டு வெளியே வராதீங்க. அங்கேயே பெட்டி கவுண்டர்ல புகார் எழுதி நம்பர் வாங்குங்க. சேதம்னா ஏழு நாள், தாமதம்னா பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள்ள எழுத்துல கொடுக்கணும். நஷ்டஈட்டு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28-லேருந்து ஆளுக்கு 1,519 எஸ்.டி.ஆர். (ஐ.எம்.எஃப். வச்சிருக்கிற கணக்குப் பணம், ரிங்கிட்டுக்கு மாத்திக் கொடுப்பாங்க). பெட்டியை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுப்பாங்க, முகவரியைத் தெளிவா எழுதுங்க.

லாடாங்மணி:

அங்கதான் சிக்கல். நாங்க இருக்கிறது தோட்டத்து லயம் (தொழிலாளர் வரிசை வீடு), கதவு நம்பர் கிடையாது.

சிப்பாங்காரன்:

தோட்டத்துப் பேர், டிவிஷன், பக்கத்துல இருக்கிற கோயில், 31100 சுங்கை சிப்புட், பகல்ல எடுக்கிற ரெண்டு ஃபோன் நம்பர். டெலிவரி வண்டி தோட்ட கேட்டுல நின்னுடும், அதனால டவுன்ல கடை வச்சிருக்கிற சொந்தக்காரர் யாராவது இருந்தா அவர் முகவரியையே கொடுத்துடுங்க.