123456789-ஐக் காரணிப்படுத்த ஒரு சந்தேகம்

வணக்கம். பினாங்கு, பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். படிவம் 2 படிக்கும் மகள் நேற்று 123456789-ஐக் காரணிப்படுத்த உட்கார்ந்தாள். பள்ளிப் பாடம் இல்லை, சும்மா விளையாட்டுக்கு. இலக்கங்களைக் கூட்டினால் 45, அதனால் 9-ஆல் வகுபடும். வருவது 13717421. அப்புறம் 7, 11, 13 என்று வகுத்துக்கொண்டே 97 வரை போய்ப் பென்சிலை வைத்துவிட்டாள்.

நான் ஃபெர்மாவின் வழியைக் காட்டினேன், அதாவது எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதிக் காரணி காண்பது. 13717421-இன் வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண் 3704. அதன் வர்க்கத்திலிருந்து நம் எண்ணைக் கழித்தால் 2195. அது வர்க்க எண் இல்லை. 3705-க்கு வந்தது 9604, அதாவது 98-இன் வர்க்கம்! ஆக (3705 − 98) × (3705 + 98), அதாவது 3607 × 3803. இரண்டே படி.

உடனே எண்ணைத் திருப்பிப் போட்டாள்: 987654321. இதுவும் 9-ஆல் வகுபட்டு 109739369 ஆகிறது. ஆனால் அதே வழியில் இருபது தடவை முயன்றும் ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில் பழைய வகுத்தலில்தான் 17 கிடைத்தது, அதுவும் இரண்டு முறை. மிச்சம் 379721, பகா எண்.

எந்த எண்ணுக்கு எந்த வழி என்று முன்கூட்டியே எப்படித் தெரியும் என்கிறாள். காரணிகள் நெருங்கியிருந்தால் ஃபெர்மா, சரி. நெருங்கியிருக்கிறதா என்பதே கண்டுபிடித்த பிறகுதானே தெரிகிறது? கணக்கு ஆசிரியர்கள் யாராவது அவள் வயதுக்குப் புரியும்படி சொல்லுங்களேன். தமிழிலேயே எழுதுங்கள், வீட்டில் கணக்குப் பேச்சு தமிழில்தான்.