அப்பாவுக்கு மார்ஃபின் எழுதியிருக்கிறார்கள், கொடுக்கவே பயமாக இருக்கிறது

வானதி

வணக்கம். அப்பாவுக்கு வயது 71. புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவி, இடுப்பிலும் முதுகெலும்பிலும் வலி. டிராமடால் போதவில்லை என்று இப்போது மார்ஃபின் 10 மி.கி. மாத்திரை எழுதியிருக்கிறார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, நடுவில் வலி வந்தால் கூடுதலாக ஒன்று. ராத்திரிக்கு ஒரு மலமிளக்கி. தூக்கத்துக்கு அல்பிரசோலம் பல வருடமாகச் சாப்பிடுகிறார், அதைப் பற்றி டாக்டரிடம் பேச்சு வரவில்லை.

மார்ஃபின் என்றாலே அம்மாவுக்குக் கை நடுங்குகிறது. "பழகிட்டா விட முடியாது, மூச்சு நின்னுடும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்பாவோ, "இப்பவே சாப்பிட்டுட்டா பின்னாடி நிஜமா தேவைப்படும்போது கேக்காது, தாங்கற வரைக்கும் தாங்கிக்கறேன்" என்கிறார். அவர் வாய்விட்டு முனகிய பிறகுதான் மாத்திரையை எடுக்கிறோம். அதற்குள் வலி உச்சிக்குப் போய்விடுகிறது, ஒரு மாத்திரைக்கு அடங்குவதில்லை. இரண்டாகக் கொடுத்துத் தூக்க மாத்திரையையும் போட்டுவிட்டால் நிம்மதியாகத் தூங்குவாரே என்கிறார் சித்தப்பா. எனக்கு அது சரியாகப் படவில்லை.

இன்னொன்று. சில நாளாக வயிறு சரியாகப் போகவில்லை. இன்று தண்ணீராகக் கசிகிறது. மலமிளக்கியை நிறுத்திவிடலாமா?

சாரதா (வலித் தணிப்புப் பிரிவில் செவிலியர்)

வானதி, உங்களுக்குப் பட்டதுதான் சரி. சித்தப்பா சொன்னதைச் செய்ய வேண்டாம். இந்த மருந்தில் வரும் பெரிய ஆபத்துகளில் பாதி, "வலி தாங்கவில்லை, இரண்டாகப் போடு, கூடத் தூக்க மாத்திரையும் கொடு" என்பதில்தான் ஆரம்பிக்கிறது.

வீட்டுக்கு வீடு நான் பார்ப்பது இதைத்தான். பயத்தில் மருந்தைத் தள்ளிப் போடுகிறார்கள். வலி முற்றுகிறது. அப்புறம் பதற்றத்தில் ஒரேயடியாகக் கொடுக்கிறார்கள். நாள் முழுக்க வலியும் இருக்கிறது, ராத்திரி ஆபத்தும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1986இல் புற்றுநோய் வலிக்கு வெளியிட்ட வழிகாட்டியிலேயே வாய்வழியாகக் கொடு, கடிகாரத்தைப் பார்த்துக் கொடு என்றுதான் இருக்கிறது. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அது தீர்வதற்குள் அடுத்தது உள்ளே போனால் வலி தலைதூக்காது, மொத்தத்தில் குறைந்த மருந்தே போதும். முனகலுக்காகக் காத்திருந்தால் ஒவ்வொரு தடவையும் அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நடுராத்திரி டோஸுக்கு எழுப்ப வேண்டுமா, படுக்கும்போது கூட்டிக் கொடுக்கலாமா என்பதை டாக்டரிடம் கேளுங்கள். சிலருக்கு அப்படி எழுதுவார்கள், ஆனால் அது அவர் எழுதித் தர வேண்டியது.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். மணி, எத்தனை மி.கி., கொடுக்கும் முன் வலி பத்துக்கு எத்தனை, ஒரு மணி நேரம் கழித்து எத்தனை, மலம் போனாரா, தூக்கக் கலக்கம் உண்டா. நடுவில் கொடுக்கும் கூடுதல் மாத்திரையைச் சிவப்பு மையில் எழுதுங்கள். சிவப்பு வரிகள் அடிக்கடி வந்தால் வேளை டோஸ் போதவில்லை என்று டாக்டருக்குப் பார்த்ததும் தெரியும். வீட்டில் இரண்டு மூன்று பேர் மாற்றி மாற்றிக் கவனிக்கிறீர்கள் என்றால் நோட்டு இன்னும் முக்கியம். கொடுத்தாயிற்றா இல்லையா என்று தெரியாமல் ஒருவர் கொடுத்ததை இன்னொருவரும் கொடுத்துவிடுவது நடக்கக்கூடியதே. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளையோடு சேர்த்து இரண்டாகக் கொடுக்கவே கூடாது.

அல்பிரசோலம் விஷயத்தை இன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். அல்பிரசோலம், டயசிபாம், குளோனசிபாம் போன்றவை மூளையை மந்தமாக்குபவை, மார்ஃபினும் அப்படித்தான். இரண்டும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். இந்தச் சேர்க்கைக்காகவே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் மருந்தின் விவரக் குறிப்பிலேயே கட்டம் கட்டிய எச்சரிக்கை போட வைத்தது. மதுவும் அதே கணக்கு. நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகபாலின், கபபென்டின், தூக்கம் வரவைக்கும் சளி மருந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஆனால் நீங்களாக அல்பிரசோலத்தைத் திடுமென நிறுத்திவிடாதீர்கள். வருடக்கணக்காகச் சாப்பிட்டவருக்கு அப்படி நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். குறைப்பதா, மாற்றுவதா என்பதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

அடுத்து அம்மாவின் மூச்சு பயம். அந்தப் பயத்தை ஒரு வேலையாக மாற்றிக் கொடுங்கள். அப்பா தூங்கும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. மூச்சு மந்தமாகும் முன்பே பெரும்பாலும் தூக்கம் ஆழமாகிவிடும். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகினால், வாயில் சோறு இருக்கத் தூங்கிப்போனால், அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். தோளைத் தட்டிக் கூப்பிட்டும் கண் திறக்கவில்லை, மூச்சு நிமிடத்துக்கு 8க்குக் கீழே, உதடு நீலம், தொண்டையில் கரகரவென்று குறட்டை, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கிறது என்றால் ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து உடனே ஆம்புலன்ஸ். ஆரம்ப நாட்களிலும் டோஸ் கூட்டும்போதும் கொஞ்சம் அசதி இருப்பது சகஜம். வலியால் தூங்காமல் இருந்தவர் வலி விட்டதும் நன்றாகத் தூங்குவதும் உண்டு. அப்படித் தூங்குபவர் கூப்பிட்டால் எழுந்து தெளிவாகப் பதில் சொல்வார், வித்தியாசம் அங்கேதான்.

வயிறு பற்றி. மலமிளக்கியை நிறுத்தாதீர்கள். குமட்டல், அசதி எல்லாம் சில நாளில் உடம்புக்குப் பழகிவிடும், மலச்சிக்கல் மட்டும் பழகாது. மார்ஃபின் நடக்கிற வரை மலமிளக்கியும் நடக்க வேண்டும். சென்னா, பிசகொடில் மாதிரி குடலைத் தூண்டுகிறவை வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும், அதனால்தான் ராத்திரியில் கொடுப்பது. இசப்கோல் வேண்டாம். தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்குக் குடலில் அது இன்னும் கெட்டியாக அடைத்துக்கொள்ளும். பல நாள் போகாமல் இருந்து திடீரென்று தண்ணீராகக் கசிகிறது என்றால் பெரும்பாலும் அது பேதி இல்லை. கீழே கல் மாதிரி மலம் அடைத்திருக்க, அதன் ஓரமாக நீர் வழிகிறது. இது தெரியாமல் பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்து நிலைமையை மோசமாக்கி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். யாராவது கை வைத்துப் பரிசோதிக்க வேண்டும், இனிமா தேவைப்படலாம். நாளைக்கே காட்டுங்கள்.

நாளைக்கு என்று நான் சொல்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு. முதுகெலும்பில் பரவியிருக்கிறது என்றீர்கள். கால் புதிதாகத் துவள்கிறதா, மரத்துப்போகிறதா, சிறுநீர் இறங்கவில்லையா, மலம் வருவதே அவருக்குத் தெரியவில்லையா என்று இப்போதே கேளுங்கள். ஒன்றாவது இருந்தால் தண்டுவடம் நசுங்குகிறதோ என்று பார்க்க வேண்டும். நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள், விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

பழக்கம் பற்றி அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள். வாரக்கணக்கில் சாப்பிட்டால் உடம்பு இதற்குப் பழகத்தான் செய்யும். சட்டென்று நிறுத்தினால் வியர்வை, மூக்கொழுகல், கொட்டாவி, பேதி, தூக்கமின்மை வரும். அதனால்தான் நிறுத்தும்போது படிப்படியாகக் குறைக்கிறோம். வலிக்காக அல்லாமல் மருந்துக்காகவே மனசு ஓடுவது, வாழ்க்கை கெட்டாலும் விட முடியாமல் போவது வேறு நோய். அது யாருக்கும் வராது என்று நான் சொல்ல மாட்டேன். முன்பு மது, போதைப் பழக்கம் இருந்தவர்களுக்கு அபாயம் கூடுதல், அப்படி ஏதாவது இருந்தால் ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஆனால் புற்றுநோய் வலிக்கு வேளை தவறாமல் சாப்பிடுகிற உங்கள் அப்பா மாதிரி ஆட்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது வலி குறைந்து அவர்கள் எழுந்து உட்கார்ந்து பேசுவதைத்தான். "பின்னாடி கேக்காது" என்பதும் வேண்டாத கவலை. மார்ஃபினில் தேவைக்கு ஏற்ப டாக்டர் டோஸைக் கூட்ட இடம் இருக்கிறது. சேமித்து வைக்க வேண்டிய மருந்து இல்லை இது.

கதிர்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து டிராமடாலும் பாரசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். எனக்கும் கடிகாரக் கணக்குதானா? வலி குறைந்துகொண்டே வருகிறது.

மாறன் (மருந்தாளுநர்)

கதிர், உங்களுடையது வேறு கதை. அறுவை சிகிச்சை வலி நாளுக்கு நாள் இறங்கும், மருந்தும் கூடவே இறங்க வேண்டும். ஒரு கட்டத்தில் வெறும் பாரசிட்டமாலே போதும். எப்போது மாறலாம் என்று அடுத்த தடவை போகும்போது கேட்டுவிடுங்கள். உங்கள் மாத்திரையில் 325 மி.கி. பாரசிட்டமால் இருக்கும். ஜுரம், சளி என்று வேறு மாத்திரை போட்டால் அதிலும் பாரசிட்டமால் இருக்கும். எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டினால் ஈரலுக்குக் கேடு. எடை குறைந்தவர்களுக்கும் ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் வரம்பு அதைவிடக் குறைவு. டிராமடாலில் தனியாக ஒரு சிக்கல் உண்டு: வலிப்பு நோய் இருந்தாலோ, மனச்சோர்வுக்குச் செர்ட்ராலின், ஃபுளூக்ஸெடின் மாதிரி ஏதாவது சாப்பிட்டாலோ முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மிச்சமாகும் மாத்திரையை அடுத்த வலிக்கு என்று எடுத்து வைக்காதீர்கள், பல்வலி என்று கேட்கும் பிள்ளைக்குப் பாதி உடைத்துக் கொடுக்காதீர்கள். 12 வயதுக்குக் கீழே டிராமடாலும் கோடீனும் கூடவே கூடாது. சில பிள்ளைகளின் உடம்பு அதை மிக வேகமாக வீரியமுள்ள பொருளாக மாற்றிவிடும், மூச்சு நின்ற சம்பவங்கள் உண்டு.

வானதி, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை அப்பாவுக்குக் கடைசியாக எப்போது பார்த்தது? மார்ஃபின் உடம்பில் உடைந்து வருகிற பொருட்கள் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் மந்தமானால் அவை தேங்கும். நேற்று வரை ஒத்துக்கொண்ட அதே டோஸ் இன்று அதிகமாகிவிடும். கை கால் வெட்டி வெட்டி இழுப்பது, இல்லாத ஆளைப் பார்த்துப் பேசுவது, குழம்புவது எல்லாம் அதன் அறிகுறி. புராஸ்டேட் பெரிதாகி சிறுநீர் தடைபடுகிறவருக்கு இந்தக் கவலை கூடுதல். ஒரு நாள் வாந்தி, பேதி என்று நீர் வற்றினாலும் இதே சிக்கல் வரலாம், அன்றைக்கு டாக்டருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

பின்னால் 12 மணி நேர மாத்திரைக்கு மாற்றினால் அதைப் பொடிக்கவோ உடைக்கவோ மெல்லவோ கூடாது. 12 மணி நேரத்துக்கான மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும். விழுங்க முடியவில்லை என்றால் கேளுங்கள், திரவமாக இருக்கிறது.

வானதி

எல்லோருக்கும் நன்றி. கால் நன்றாக அசைகிறது, சிறுநீரும் போகிறது என்று அன்றே உறுதி செய்துகொண்டோம். மறுநாள் போய்க் காட்டியதில் சிஸ்டர் சொன்னது போலவே மலம் அடைத்திருந்தது. இனிமா கொடுத்தார்கள், மலமிளக்கியை இரண்டு வேளை ஆக்கியிருக்கிறார்கள். அல்பிரசோலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க அட்டவணை தந்திருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் சற்று அதிகம், அதனால் மார்ஃபின் அளவைக் குறைத்து, தோலில் ஒட்டும் ஃபென்டனில் வலி மருந்துப் பேட்ச் போடலாமா என்று யோசிக்கிறார்கள். அம்மா இப்போது மூச்சு எண்ணுகிறார், நோட்டும் அவர் கையில்தான். வீட்டில் அண்ணனின் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பேட்ச் வந்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

சாரதா

நல்ல சேதி. பேட்ச் போட்டதும் வேலை செய்யாது. வீரியம் ஏற 12 மணி நேரமாவது ஆகும். அதுவரை எந்த மாத்திரையைத் தொடர்வது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 72 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். தேதியும் மணியும் நோட்டில் இருக்கட்டும். புதியதை வேறு இடத்தில் ஒட்டி, பழையதைக் கழற்றினீர்களா என்று பாருங்கள். முதுகுப் பக்கம் ஒட்டிய பழைய பேட்ச் மறந்துபோய் இரண்டும் சேர்ந்து வேலை செய்வது நடக்கிற விஷயம். கத்தரித்துப் பாதியாக ஒட்டக் கூடாது.

இடுப்பு வலிக்கு வெந்நீர்ப் பை வைப்பார் என்றால் பேட்ச் இருக்கும் இடத்தில் வைக்கவே கூடாது. சூட்டில் மருந்து வேகமாக உள்ளே இறங்கும். கடும் காய்ச்சலிலும் அப்படித்தான், காய்ச்சல் வந்தால் தெரிவியுங்கள். அதிகத் தூக்கம் என்று கழற்றினாலும் உடனே தெளியாது. தோலுக்கடியில் தேங்கிய மருந்து தொடர்ந்து இறங்கும், உடம்பில் உள்ளது பாதியாகவே 17 மணி நேரம் அல்லது அதற்கு மேலும் ஆகலாம். அதனால் கழற்றிவிட்டோம் என்று விட்டுவிடாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த மருந்துகளின் வேலையை முறிக்கும் நாலொக்சோன் என்ற முறிமருந்து மூக்கில் அடிக்கும் வடிவத்தில் இருக்கிறது, வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். அதைக் கொடுத்தாலும் ஆம்புலன்ஸ் கட்டாயம். அதன் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், ஃபென்டனில் அதற்குப் பிறகும் உடம்பில் இருக்கும்.

பிள்ளைகள் விஷயத்தில் ரொம்பக் கவனம். பயன்படுத்திக் கழற்றிய பேட்சிலும் ஒரு குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகும் அளவு மருந்து மிச்சம் இருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி இரண்டாக மடித்து அழுத்திவிடுங்கள், கையைத் தண்ணீரில் கழுவுங்கள். அதைச் சாதாரணக் குப்பையில் போடாமல் மருந்துக் கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ திருப்பிக் கொடுங்கள். அவர்கள் வாங்க மாட்டார்கள் என்றால் எப்படி அழிப்பது என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை, பேட்ச் எல்லாம் பூட்டு போட்ட பெட்டியில், சாவி அம்மாவிடம். குறைத்த மார்ஃபின் அளவைப் பழைய உறையின் மேலேயே திருத்தி எழுதாதீர்கள், புது உறையில் புது அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.