ஜாவா: ஓவர்ரைட் பண்ணியும் தாய் கிளாஸின் கணக்குத்தான் வருகிறது, உதவி தேவை

களுவாஞ்சிக்குடிப் பொடியன்:
மண்டூரில் மாமாவின் நெல் மில்லுக்குக் கூலிக் கணக்குப் பார்க்க ஜாவா மொழியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதுகிறேன். நெல் என்ற கிளாஸில் கூலியைக் கணக்கிடும் கூலி மெதட், மூட்டைக்கு 300 ரூபா. அதைத் தாயாக வைத்து எக்ஸ்டெண்ட் பண்ணின சம்பா கிளாஸிலும், தாயின் மெதட்டுக்குப் பதிலாக (ஓவர்ரைட்) ஒரு கூலி மெதட் இருக்கிறது, அங்கே 350. சம்பா ஆப்ஜெக்டுக்கு 10 மூட்டை கொடுத்தால் 3500 வராமல் 3000 வருகிறது, எரரும் இல்லை. ஆனால் 10.5 கொடுத்தால் 3675 என்று சரியாக வருகிறது! மாமா வேறு அறுவடைக்கு முதல் வேணும் என்று நிற்கிறார்.

கல்லடி வாசி:
எக்ஸ்டெண்ட்ஸ் போட மறந்திருப்பீங்க.

களுவாஞ்சிக்குடிப் பொடியன்:
போட்டிருக்கிறேன் அண்ணன், போடாவிட்டால் அந்த 300 எங்கிருந்து வரும்?

அக்கரைப்பற்று நானா:
தம்பி, 10.5 தான் காட்டிக்கொடுக்குது. மூட்டை எண்ணிக்கையை வாங்குகிற பாராமீட்டர் நெல்லில் இன்ட் (முழு எண்), சம்பாவில் டபுள் (தசம எண்), சரியா?

களுவாஞ்சிக்குடிப் பொடியன்:
ஓம் நானா, சம்பாவில் அரை மூட்டையும் வரும், அதனால் டபுள். ஏ.எல். ஐசிடிக்குப் படித்த பைத்தானில் பெயர் ஒன்றாக இருந்தால் போதுமே?

அக்கரைப்பற்று நானா:
பைத்தானில் போதும், ஜாவாவில் போதாது. பாராமீட்டர் வகையும் ஒன்றாக இருந்தால்தான் ஓவர்ரைட், இல்லாவிட்டால் அது ஓவர்லோட், பெயர் ஒன்று, மெதட் வேறு, அதாவது உங்கள் சம்பாவிடம் இப்ப இரண்டு கூலி மெதட் இருக்கிறது, 10 என்பது இன்ட் என்பதால், கோடை மொழிபெயர்க்கிற கம்பைலர் நெல்லில் இருந்து வந்ததை எடுத்துக்கொள்கிறது. இரண்டையும் டபுள் ஆக்குங்கள். சம்பாவின் மெதட்டுக்கு மேலே அட் குறியோடு ஓவர்ரைட் என்று எழுதியிருந்தால் கம்பைலரே சண்டைக்கு வந்திருக்கும். ஜாவா 5 இலேயே, 2004இல், வந்த வசதி இது, ஆனாலும் பாதிப்பேர் போடுவதில்லை.

களுவாஞ்சிக்குடிப் பொடியன்:
3500 வந்துவிட்டது! ஆனால் ரசீதில் "மூட்டைக்கு 300" என்றே அடிக்கிறது. ரசீது மெதட் நெல்லில் இருக்கிறது, விகிதம் என்ற மாறியைச் சம்பாவிலும் 350 என்று எழுதியிருக்கிறேனே.

அக்கரைப்பற்று நானா:
அதுதான் பிழை. மெதட் என்றால் ஓடும்போது ஆப்ஜெக்ட் யாரென்று பார்த்து எடுக்கும், மாறிக்கு அந்தக் கதையே இல்லை, நெல்லில் எழுதின மெதட்டுக்கு நெல்லின் விகிதம்தான் தெரியும். சம்பாவில் அதை அழித்துவிட்டு, நெல்லின் கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்டை உருவாக்கும்போது ஓடும் பகுதி) விகிதத்தை வாங்கிக்கொள்கிற மாதிரி மாற்றி, சம்பாவின் கன்ஸ்ட்ரக்டரில், தாய் கிளாஸைக் கூப்பிடுகிற சூப்பர் வழியாக 350ஐ அனுப்புங்கள். நெல்லின் கூலி மெதட்டும் அதே விகிதத்தால் பெருக்கினால், அப்புறம் சம்பாவில் கூலி மெதட்டே தேவையில்லை.

களுவாஞ்சிக்குடிப் பொடியன்:
ரசீதிலும் 350! ஒரு இரவு முழுக்க முழித்து எழுதின மெதட்டை இப்பதான் அழித்தேன் நானா.