அப்பாவின் காதும் நடையும்: புதுப்பிப்பு

அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது, நடையும் தளர்ந்துவிட்டது, இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். "வயசானால் அப்படித்தான்" என்றார்கள் பலர். அது பாதி பதில்தான்.

சோதனையில் இரண்டு காதிலும் மிதமான கேட்புக் குறைபாடு. அப்புறம் முதியோர் மருத்துவர் உடல் தளர்ச்சியை அளந்தார். 2001இல் அமெரிக்க முதியோர் மருத்துவர் லிண்டா ஃப்ரீடு குழு வகுத்த அளவுகோல்: காரணமின்றிக் குறையும் எடை, ஓயாத சோர்வு, வலுவிழந்த கைப்பிடி, மெதுவான நடை, குறைந்த நடமாட்டம். ஐந்தில் மூன்று இருந்தால் தளர்ச்சி. ஒன்றிரண்டு என்றால் அதற்கு முந்தைய நிலை. அப்பா முந்தைய நிலையில். நல்லவேளை, இதிலிருந்து மீள வாய்ப்பு உண்டு.

சரி, தொடர்பு? ஆய்வுகளில் இரண்டும் சேர்ந்தே தென்படுகின்றன. ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று உறுதியாகவில்லை. தொடர்பு இப்படி இருக்கலாம்: காது கேட்காதவர் பேச்சைத் தவிர்க்கிறார், வெளியே போவது குறைகிறது, தசை கரைகிறது. உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பும் உள்காதில்தான் இருக்கிறது.

இப்போது காதுக்கருவி போடுகிறார், பாத்திரச் சத்தம் தாங்கவில்லை என்று முணுமுணுத்தபடி. கருவி மட்டும் காலுக்கு வலுத் தராது என்பதால் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியும் நடக்கிறது. நடைக்குக் கூப்பிட்டால் மறுப்பதில்லை. கைப்பிடி வலு இன்னும் அப்படியேதான். மறுபடி அளந்ததும் எழுதுகிறேன்.