நாகை–கோடியக்கரை புயல் அலை வரைபடம்: எந்த உயரத் தரவு?

கேள்வி:
2 மீட்டர் அலை எழுந்தால் எந்த ஊர்கள் மூழ்கும் என்று எஸ்ஆர்டிஎம் தரவில் (விண்கல ரேடார் அளந்த நில உயரத் தரவு) பார்த்தேன். தென்னந்தோப்புகள் எல்லாம் தப்பிக்கின்றன. நம்பலாமா?

பதில் 1:
வேண்டாம். 2000 பிப்ரவரியில் அந்த ரேடார் தோப்புகளில் அளந்தது தரையை அல்ல, இலைப்பரப்புக்குள் எங்கோ ஓர் உயரத்தை. மதிப்புகளும் முழு மீட்டரில்தான். ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ் 30 மீட்டர் உயரத் தரவிலும் மரமும் கட்டடமும் சேர்ந்தே இருக்கும். அவற்றைக் கழித்த ஃபேப்டெம் என்ற தரை உயரத் தரவை எடுத்து, ஐஸ்சாட்-2 செயற்கைக்கோள் லேசரின் தரைப்புள்ளிகளோடு ஒப்பிடுங்கள்.

பதில் 2:
ஒப்பிடும் முன் உயர அடிப்படையை மாற்றுங்கள். ஐஸ்சாட் உயரம் நீள்கோளத்திலிருந்து (பூமியின் எளிய கணித வடிவம்), ஃபேப்டெம் இஜிஎம்2008-இலிருந்து (சராசரிக் கடல்மட்டத்தை ஒட்டிய மாதிரி). நம் கரையில் வித்தியாசம் 80 மீட்டருக்கும் மேல்! பிறகு கடலோடு தொடர்புள்ள தாழ்நிலத்தை மட்டும் வெள்ளமாக எடுங்கள், வாய்க்கால்களை விட்டுவிடாதீர்கள்.

பதில் 3:
2018 கஜா புயல் நேரத்து சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள் படத்தோடு சரிபார்த்தால், வெள்ள நீரைப் போலவே வேதாரண்யம் உப்பளங்களும் கறுப்பாகத்தான் தெரியும். புயலுக்கு முந்தைய, அதே சுற்றுப்பாதைப் படத்தைக் கழித்தே தீர வேண்டும்.