தச்சு வேலை கற்றவர்களின் அனுபவங்கள்: ஐ.டி.ஐ. படிப்பும் பட்டறைப் பழக்கமும்

எட்டாம் வகுப்பு முடித்த மகனைத் தச்சு வேலையில் சேர்க்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். நான் தென்காசிப் பக்கம் தாய்மாமாவின் பட்டறையில் மூன்றாண்டுகள் எடுபிடியாக நின்று வேலை பழகிய பிறகே, ஐ.டி.ஐ.யில் ஓராண்டுத் தச்சர் பிரிவில் சேர்ந்தவன். உளி தீட்டுவதையும், இழைப்புளியைத் தள்ளுமுன் மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று விரலால் தடவியே அறிவதையும் மாமா கற்றுக்கொடுத்தார். வரைபடம் படிப்பதும் மில்லிமீட்டரில் கணக்கிடுவதும் ஐ.டி.ஐ.யில்தான் எனக்கு வாய்த்தன.

இரண்டும் ஏன் வேண்டும் என்பதை ஒரு பிளைவுட் பலகை எனக்குப் புரியவைத்தது. எட்டடி நீளப் பலகை 2,440 மி.மீ. என்பதால், அதிலிருந்து 610 மி.மீ. அளவில் நான்கு துண்டுகள் கிடைக்கும் என்று கணக்கிட்டு, மாமா வெளியே போயிருந்த நேரத்தில் நானே அறுத்தேன். இயந்திர வாள் ஒவ்வொரு அறுப்புக்கும் 3 மி.மீ. தின்றுவிட, கடைசித் துண்டு 601 மி.மீ.தான் தேறியது. திரும்பி வந்த மாமா திட்டவில்லை; பலகையின் விலையை மட்டும் சுவரில் கரியால் எழுதிவைத்தார். அன்றிலிருந்து வாளின் பல்லையும் சேர்த்துக் கணக்கிடாமல் நான் பென்சிலைக் கீழே வைத்ததில்லை.

சான்றிதழின் பயனைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையின் தொழிற்பழகுநர் பயிற்சிக்கு ஃபிட்டர், வெல்டர் பிரிவுகளோடு தச்சர் பிரிவிலும் ஆள் எடுக்கிறார்கள். பட்டறைப் பழக்கம் மட்டும் உள்ளவர், எவ்வளவு கைத்திறன் இருந்தாலும், ஐ.டி.ஐ. தேர்ச்சி கேட்கும் இடங்களுக்கு விண்ணப்பிக்க முடியாது. ஆனால் சொந்தமாகத் தொழில் செய்ய நினைப்பவருக்கு எஸ்டிமேட் போடத் தெரிவதே முக்கியம் என்பேன். எத்தனை பலகை, எத்தனை கீல், எத்தனை ஆள் நாள் என்று வீட்டுக்காரரிடம் எழுதிக் கொடுக்கத் தெரியாதவர், நல்ல வேலைக்காரராக இருந்தும் கடைசிவரை நாள் கூலியிலேயே நின்றுவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

* * *

மேலே எழுதியவர் சொன்னதோடு வளைகுடா அனுபவம் ஒன்றையும் சேர்க்கிறேன். சென்னையில் நடந்த திறன் தேர்வில் மரத்துண்டும் வரைபடமும் கொடுத்து, குறித்த நேரத்துக்குள் ஓர் இணைப்பைச் செய்துகாட்டச் சொன்னார்கள். இடைவெளி தெரியாமல் பொருத்தினேன், தேர்வாகிவிட்டேன். ஆனால் அங்கே போய்ச் சேர்ந்தபோது எனக்குக் காத்திருந்தது சென்ட்ரிங், அதாவது ஷட்டரிங் வேலை. ஒப்பந்தத்தில் 'கார்பெண்டர்' என்று மட்டும் இருந்ததையும், கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் ஷட்டரிங் கார்பெண்டரும் கதவு, அலமாரி செய்யும் ஃபர்னிச்சர் கார்பெண்டரும் அங்கே வெவ்வேறு வேலை, வெவ்வேறு சம்பளம் என்பதையும் அனுப்பிவைத்த முகவர் எனக்குச் சொல்லவே இல்லை. இரண்டு ஆண்டுகள் இழைப்புளியையே தொடாமல் கழிந்ததுதான் எனக்குப் பெரிய வலி.

இப்போது எங்கள் ஊர்ப் பையன்கள் யாராவது வெளிநாடு கிளம்பினால், ஒப்பந்தத் தாளைக் கேட்டு வாங்கி, வேலையின் பெயருக்கு முன்னால் என்ன சொல் இருக்கிறது என்பதைத்தான் முதலில் படித்துக்காட்டுகிறேன்.